வஹகோட்டையில் நின்ற சைக்கிள்

ஒரு நல்ல மனிதனின் திருமணத்தை நான் கெடுத்தேன். மொட்டைக் கடிதம் எழுதவில்லை, யாரிடமும் கோள் மூட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்... அதுவும் இறைவனின் பெயரோடு!

இதை அவனிடம் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு அவனைத் தெரியாது. பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட எனக்கு ஒரு பாதுகாப்புத் தேவைப்படுகிறது.

அவன் பெயர் நஸார். அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி அவன் வீடு. நான் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டேன். ஆனாலும் ஆகஸ்ட் விடுமுறையில் ஊர் வந்ததும் முதல் வேலை சைக்கிளுக்குக் காற்றடிப்பதுதான். நஸார், நான், அரசாங்க அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சிவநேசன் என மூவரும் கிளம்பிவிடுவோம். ஒரு நாள் நாவுலைக்கு, என் சிறிய தகப்பனான சாச்சா வீட்டுப் பகல் சாப்பாட்டுக்கு. இன்னொரு நாள் வஹகோட்டைக்கு. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே விடியற்காலைக் குளிரில் இறக்கத்தில் பாயும்போது உலகத்தில் யார் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஏற்றம் வந்தால்தான் மூச்சு வாங்கும், புத்தியும் கோணலாகும்.

ஆம், நான் சந்தேகக்காரன். வாங்கும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவன் புத்திசாலி. வாசலில் வந்து சிரிப்பவனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பவனை என்னவென்று சொல்வீர்கள்? அது நான்தான்.

வஹகோட்டை போனால் நஸார் மட்டும் காணாமற்போவான். தேவாலயத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் எங்களை உட்கார்த்திவிட்டு, "இப்ப வந்துர்றேன் மச்சான்" என்று போவான். எங்கள் பிளேன்டீ முடியும், வடை முடியும், கதையும் முடியும். அதன் பிறகே வருவான். கண் கலங்கியிருக்கும், முகமோ மலர்ந்திருக்கும். எங்கே போனாய் என்று கேட்டால், "சும்மா, ஒரு ஆளப் பார்க்க" என்பான்.

சும்மாவா? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

ஒரு வருடம் பொறுக்க முடியாமல் பின்தொடர்ந்தேன். ஒரு வீட்டின் பின்பக்கம், வாழைகளுக்குள் அவனுடைய சைக்கிள் நின்றது. மறைத்து வைக்கப்பட்ட சைக்கிள்! கவுன் அணிந்த ஒரு பெண் வெளியே வந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. நஸார் கொடுத்த பையை வாங்கிக்கொண்டாள். பிறகு அவன் நெற்றி வியர்வையைத் தன் கையால் துடைத்துவிட்டாள்...

எனக்கு அது போதுமானதாக இருந்தது. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

சிவநேசனிடம் மட்டும் சாடையாகச் சொன்னேன். அவன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "உன்ர சிநேகிதன்தானே. நேர கேளன்" என்றான். அவ்வளவு எளிதான வழி அது. நான் கேட்கவில்லை. ஏன்? கேட்டால் பதில் வந்துவிடும். சந்தேகம் போய்விடும். எனக்குச் சந்தேகம் பிடித்திருந்ததோ? அன்றுமுதல் அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாலும் சாட்சி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டாலும் சாட்சி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அதே விடுமுறையில்தான் நஸாருக்கு என் சாச்சாவின் மகள் ஸிப்னாவைக் கேட்டு நாவுலைக்கு ஆள் போனது. எல்லோருக்கும் விருப்பம். ஸிப்னாவுக்கும் விருப்பமென்று சாச்சி என் காதில் சொன்னார். விசாரிப்பது மட்டும்தான் பாக்கி.

எங்கள் வழக்கத்தை நீங்கள் அறிய வேண்டும். சம்பந்தம் முடிவாகுமுன் மாப்பிள்ளையின் நெருங்கிய கூட்டாளியிடம் விசாரிப்பார்கள். புறம் பேசுவது பாவம். ஆகையால் குறை தெரிந்தவன் குறையைச் சொல்வதில்லை. "அல்லாஹ்தான் அறிவான்" என்று நிறுத்திக்கொள்வான். கேட்டவரும் அதற்குமேல் தோண்டுவதில்லை. கதை அங்கேயே முடிந்துவிடும்.

சாச்சா போஞ்சிப் பாத்தியில் நின்றபடிதான் கேட்டார்.

"மகன், நஸார் ஒன்ட கூட்டாளி. ஆள் எப்படி?"

"வெளிய பார்த்தா நல்ல பொடியன்தான் சாச்சா. உள்ளுக்கு ஈக்கிறத அல்லாஹ்தான் அறிவான்."

பறித்துக்கொண்டிருந்த கை நின்றது. "சரி மகன்" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.

தங்கையைக் காக்கத்தான் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! என்னிடம் ஒன்றை மறைத்துவிட்டானே என்ற கோபம்தான் என் வாயிலிருந்து வந்தது.

"இஸ்திகாரா தொழுதோம், மனசுக்குச் சரிவரல்ல" என்று நாவுலையிலிருந்து பதில் போனது. ஒரு முடிவுக்கு முன்னால் இறைவனிடம் வழி கேட்டுத் தொழுவதுதான் இஸ்திகாரா. யாரையும் நோகடிக்காமல் மறுப்பதற்கு இதைவிட மரியாதையான சொல் எங்களிடம் இல்லை. அவர்கள் தொழுதிருப்பார்கள்தான். ஆனால் என் வாக்கியம் விழுந்த மனத்தில் வேறென்ன தோன்றியிருக்கும்?

ஸிப்னாவை அக்குறணையில் கட்டிக் கொடுத்தார்கள். அவளுடைய படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்புவதில்லை. நஸாருக்கு அதன்பின் எந்த இடமும் அமையவில்லை. நாவுலையில் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று ஊர் யோசிக்குமே!

இந்த வருடம் நஸாரின் வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போனார். ஆகஸ்டில் வஹகோட்டை போனபோது, தேநீர்க் கடையில் சைக்கிளை நிறுத்தப் போன என்னை அவன் தடுத்தான்.

"இந்த முறை நீயும் வா மச்சான்."

அதே வீடு. அதே பெண். தலையில் நரை விழுந்திருந்தது. அருகில் பார்த்தபோது... நஸாரின் மூக்கு, நஸாரின் தாடை!

"இது எங்கட ராத்தா" என்றான்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அவனுடைய அக்கா வெளிநாட்டில் கலியாணம் கட்டிக்கொண்டதாக ஊரில் சொல்லியிருந்தார்கள். அவள் போனது வெளிநாட்டுக்கல்ல, வஹகோட்டைக்கு. அந்த ஊர்க்காரனைக் கட்டி, அவனுடைய வேதத்துக்கும் போய்விட்டாள். அவள் பெயரை வீட்டில் உச்சரிக்கக்கூடாது என்று வாப்பாவின் கட்டளை. உம்மா ஒளித்துச் சமைத்துக் கொடுத்தனுப்பும் வட்டிலாப்பம்தான் அந்தப் பைக்குள் இருந்தது.

"வாப்பாக்குத் தெரிஞ்சிருந்தா இங்க வந்து நிண்டு ஏசியிருப்பாரு. உம்மாவையும் சும்மா உட்டிருக்கமாட்டாரு. அதான் ஒன்னட்டயும் சொல்லல்ல. கோவிச்சுக்காத" என்றான். என்னிடம் அவன் மன்னிப்புக் கேட்டான்! என்னிடம்!

பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ராத்தா என் தட்டில் சோறு வைத்தபடி சொன்னார்.

"தம்பிக்கு ஒரு எடமும் சரிவருதில்ல. நீங்கதானே அவனுக்கு நெருங்கின ஆள். யாரும் விசாரிச்சா நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

நஸார் சிரித்தான். "இவன் சொல்லாமலா ராத்தா? நாவுலைக்கும் நான் இவன்ட பேரத்தானே குடுத்தேன். அல்லாஹ் நாடல்ல, அவ்வளவுதான்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் சொல்கிறானா? சாச்சா வாய் தவறியிருப்பாரோ? அந்தச் சிரிப்புக்குள் ஊசி இருக்கிறதா? தேடினேன்... இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. தெரிந்தும் என்னை இங்கே அழைத்து வந்திருந்தால் அவன் எவ்வளவு பெரியவன்! தெரியாமல் அழைத்து வந்திருந்தால் நான் எவ்வளவு சிறியவன்! இரண்டில் எது வேண்டுமென்று எனக்கே தெரியவில்லை.

அல்லாஹ் நாடவில்லை என்று அவன் நம்புகிறான். நாடாதவன் நான் என்று சொல்ல அங்கே எனக்கு வாய் இருந்தது, நேரமும் இருந்தது. ராத்தா என் பதிலுக்காகக் கரண்டியோடு நின்றார்.

"இன்ஷா அல்லாஹ், சொல்றேன் ராத்தா" என்றேன்.