தீயணைப்பான் சர்வீஸ் பண்ண வந்திருக்கோம் சார்

தீப்பிடிக்காதவரை தண்டச்செலவு, பிடித்துவிட்டால் "எங்கய்யா போனீங்க?" — தீயணைப்பான் சர்வீஸ் தொழிலுக்கு ஊரில் உள்ள மரியாதை இவ்வளவுதான். எதையாவது விற்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தால் உங்களுக்கு என் கஷ்டம் புரியும். எங்கள் கம்பெனி கடலூரில். நானும் கூட வேலை பார்க்கும் அந்தோணியும் வேனில் சிதம்பரம்வரை சுற்றுவோம்.

சான்றிதழ்

குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாண மண்டபம். ஓனர் காபி கொடுத்து உட்கார வைத்தார். எங்கள் சான்றிதழ் நாங்களே அடித்துக்கொண்டதில்லை, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அமைப்பு வருஷாவருஷம் ஆள் அனுப்பி, நாங்கள் சர்வீஸ் பண்ணியதைத் திறந்து சோதித்துவிட்டுத்தான் தரும் என்று பெருமையாக விளக்கினேன். "வேற யாரக் கூப்பிட்டாலும் இத மட்டும் கேட்டுடுங்க சார்."

காபி ஆறும்வரை யோசித்தார். "ஒங்களயே செக் பண்ண ஆளு வர்றான்னா, ஒங்க மேல யாருக்கும் நம்பிக்க இல்லன்னுதானம்மா அர்த்தம்?"

தங்கமான மனுசன்

அண்ணாமலை நகரில் ஒரு மாணவர் லாட்ஜ். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு, அதன் அடியில் பைக்குகள். சுவரில் தொங்கிய தீயணைப்பான் சிலிண்டரில் பளபளவென்று புது ஸ்டிக்கர். கவிழ்த்துப் பார்த்தேன், உள்ளே தீயை அணைக்கும் பவுடர் அசையவில்லை. அந்தோணி திறந்து காட்டினான். கட்டிதட்டிக் கல்லாகிக் கிடந்தது. மேலே பையன்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இத யாரு சார் சர்வீஸ் பண்ணது?" என்றேன். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "அவரு தங்கமான மனுசன் மேடம். ஒங்கள மாதிரி தொறந்தெல்லாம் பாக்க மாட்டாரு."

மச்சான் மாட்டியது

சிதம்பரத்தில் ஒரு பரோட்டா கடை. "வீட்டுக்காரி தம்பியே இந்தத் தொழில்தான், அவன் பாத்துக்குறான்" என்று ஓனர் எங்களை அனுப்பிக்கொண்டிருந்தபோதே, உள்ளே கடாய் எண்ணெய் குப்பென்று பற்றியது. மாஸ்டர் அந்த மச்சான் மாட்டிய சிலிண்டரை எடுத்துப் பின்னை இழுத்தார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். தீ கூரைக்கு எழும்பியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஒருவர் வாளித் தண்ணீரோடு வந்தார். எண்ணெய்த் தீயில் தண்ணீர் பட்டால் கடையே வெடித்ததுபோல ஆகிவிடும். நான் போட்ட கத்தலில் வாளியை அப்படியே போட்டுவிட்டார்.

மாஸ்டர் கேஸை மூட, எண்ணெய்த் தீக்கென்றே உள்ள சிலிண்டரை அந்தோணி வேனிலிருந்து தூக்கி வந்தான். தள்ளி நின்று அடித்தேன். அடங்கியது. மாஸ்டரின் புருவம் பொசுங்கியதோடு சரி.

மறுநாள் ஓனரே போன் பண்ணினார். "புதுசா வந்து மாட்டிக் குடுங்க மேடம். ஆனா மச்சானோடதும் அங்கயே தொங்கட்டும், வீட்ல நான் குடித்தனம் பண்ண வேணாமா?"

ஆக, இந்தத் தொழிலில் தீயை அணைப்பதுகூட சுலபம், அதற்கு முந்தின நாள் உள்ளே வரலாமா என்று கேட்பதுதான் பெரும்பாடு.