நான் இல்லாத ஷிப்ட்

தலைமைப் பண்புக்கென்று தனியாக ஒரு பட்டம் இருப்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். வில்லியனூர்ப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். பட்டம் இருந்தால்தான் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை டவுனில் வகுப்பு. ஒதியம்பட்டில் இறங்க வேண்டியவள் பஸ்ஸிலேயே தூங்கி, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததெல்லாம் உண்டு. வீட்டில் "காலேஜ் பொண்ணு வந்துடுச்சு" என்பார்கள். பதிலுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பிருக்காது.

கடைசியாக ஒரு புராஜெக்ட். ஒரு ஷிப்ட் முழுக்க நான் எந்த உத்தரவும் தரக்கூடாது. என் லைனில் இருக்கும் பெண்களே முடிவெடுத்து வேலையை நடத்த வேண்டும். சாயங்காலம் பேராசிரியர் வீடியோ காலில் அவர்களையே விசாரிப்பார். அதில் தேறினால்தான் பட்டம்.

பெண்களிடம் விளக்கிவிட்டு கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும். மேஜையில் தலை வைத்துத் தூங்கிப்போனேன். அந்த நேரம் பார்த்து லேபிள் மெஷின் நின்றிருக்கிறது. அவர்கள் ஆளுக்கொரு பெட்டியை இழுத்துப்போட்டு, கையாலேயே லேபிள் ஒட்டி, சரக்கை லாரியில் ஏற்றிவிட்டார்கள். என்னை எழுப்பவில்லை. நானாக எழுந்து வந்தபோதுதான் சொன்னார்கள்.

கால் வந்தபோது மேனேஜரும் பக்கத்தில் நின்றார். மெஷின் நின்ற கதையை அவர்தான் சொன்னார். அப்போது முடிவெடுத்தது யார் என்று கேட்டார் பேராசிரியர்.

"எங்க மேடம்தான் சார்," என்றார் லைனில் மூத்த அக்கா. "அவங்க சொல்லாம நாங்க ஒரு துரும்பக்கூட நவுத்த மாட்டோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். மேலே இருப்பவரை விட்டுக்கொடுக்காமல் பேசுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. புராஜெக்ட்டை எவ்வளவு விளக்கியும் அதை மட்டும் அவர்களால் விட முடியவில்லை. பேராசிரியரின் முகம் தொங்கியது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இல்ல சார். நான் தூங்கிட்டிருந்தேன். எல்லாம் இவங்களே செஞ்சது."

பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த அக்கா முகம் கொடுத்தே பேசவில்லை. நான் இறங்க எழுந்தபோதுதான் கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா அப்படிச் சொன்னே? நாங்க உன்ன வுட்டுக்குடுக்காமப் பேசிக்கினு இருந்தோமே."

"அப்படிச் சொன்னாதான்க்கா பாஸ்."

"பாஸ் சரி. நீ இல்லாமலே வேல நடக்குதுன்னு அந்த மேனேஜரு காதுல போட்டுட்டியே."

இருந்த களைப்பில் அது என் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

தேறிவிட்டேன். சான்றிதழை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். எழுந்து நின்று கை கொடுத்தார், மனதாரப் பாராட்டினார். இன்சார்ஜ் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்க தூங்கினாக்கூட லைன் ஓடுது," என்றார். "அங்க எதுக்கு மேடம் இன்சார்ஜ்?"