கலைக்கூடத்தில் என் ரெண்டாங் கிளாஸ்

ரெண்டாங் கிளாஸ் டீச்சருக்குப் பாடம் நடத்துவது ஒரு வேலையே இல்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய், போன அத்தனை பேரோடும் திரும்பி வருவதுதான் வேலை. சின்னப் பிள்ளைகளோடு ஒரு கல்யாணத்துக்காவது போய் வந்தவர்கள் எல்லாம் என் கட்சி. உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு பழைய பங்களாவில் டிரஸ்ட்காரர்கள் சிலர் சின்னதாக ஒரு கலைக்கூடம் திறந்தார்கள். கொஞ்சம் வெண்கலச் சிலைகள், ஒரு ஹால் நிறைய ஓவியங்கள். ஊருக்கு அது மியூசியம். அதன் மேனேஜர் பத்து வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடமாட்டார். என் பிள்ளைகளோ காலண்டர் படம் தவிர வேறு படம் பார்த்தறியாதவர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, என் வகுப்புக்கு மட்டும் மாசம் ஒரு தடவை அனுமதி வாங்கினேன். கொடுக்கும்போதே விரலை நீட்டிச் சொன்னார்: "ஒரே ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்தா போதும் டீச்சர், அன்னியோட சரி." அன்றிலிருந்து மாசாமாசம் அந்த விரல்தான் என் கண் முன்னால் வந்து நிற்கும்.

வாசல்படி

முதல் நாள். உள்ளே நடராஜர் நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அவ்வளவுதான், என் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வாசல்படியில் வரிசையாக விட்டுவிட்டார்கள். வாட்ச்மேன் நல்ல மனுஷன். "இது கோயில் இல்ல கண்ணு, போட்டுக்கினே வரலாம்" என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஏழுமலை மட்டும் உள்ளே போகாமல் நின்றான். பார்வை மேனேஜர் காலில் இருந்தது. "சார், நீங்க பூட்ஸோட நிக்கிறீங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலெடுத்து வைப்பதற்குள்ளேயே கம்ப்ளெய்ண்டா! மேனேஜர் அவனைப் பார்த்தார், பின்னால் நின்ற நாற்பது முகங்களைப் பார்த்தார், குனிந்து லேஸை அவிழ்த்தார். வாட்ச்மேன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "அவரு சாக்ஸ்ல ஓட்டை இருக்குதுனு இன்னிக்குத்தாங்க தெரியுது."

அம்புக்குறி

நடராஜர் ஹாலின் நடுவே நிற்பார். சுவரோரமாகச் சுற்றிப் பார்க்கத் தரையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். போட்டவர் எந்த ஊர்க்காரரோ, சாமியை வலமாகச் சுற்றாமல் இடமாகச் சுற்றுகிற மாதிரிப் போட்டுவிட்டார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையை வலம் வருகிற பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்புவார்களா? அம்புக்குறியை மிதித்துக்கொண்டு நேர் எதிராகக் கிளம்பிவிட்டார்கள். நான் கையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன். ம்ஹூம்.

அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு காலேஜ் கூட்டம் அம்புக்குறியை மதித்து வந்துகொண்டிருந்தது. ஹாலின் மூலையில் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. காலேஜ்காரர்களுடன் வந்த ஆசிரியர், "மேனேஜரைக் கூப்பிடுங்க" என்று ஆரம்பித்தார். செத்தோம் என்று நினைத்தேன். என் வகுப்பிலேயே குள்ளமான அஞ்சலை அண்ணாந்து அவரைப் பார்த்து, ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள்: "பரவால்ல சார், தெரியாமத்தான வந்துட்டீங்க, இப்பத் திரும்பிடுங்க." மொத்தக் காலேஜும் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டது.

யார் வீட்டு மலை

ஓவிய ஹாலில் நம் மலையை வரைந்த படம் ஒன்று இருந்தது. "இது எது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எங்க மலை" என்றான் ஏழுமலை. வேங்கிக்காலிலிருந்து வரும் சேகர் விடவில்லை. "போடா, எங்க வூட்டாண்ட மலை இப்பிடியே இருக்காது." அவன் சொல்வதும் சரிதான், இவனுக்கு ஒரு பக்கம் தெரிகிறது, அவனுக்கு வேறு பக்கம். ஆனால் ரெண்டாங் கிளாஸில் இதற்கெல்லாம் சட்டையைப் பிடிப்பதுதான் வழக்கம். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கட்டிப் புரண்டார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். அதற்குள் ரெண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துவிட்டேன். "சந்தேகம் கேக்குறாங்க சார்" என்று கூசாமல் சொன்னேன்.

அவரும் நம்பிவிட்டார், பாவம். படம் வரைந்தவர் இதே செங்கம் ரோட்டில் ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து வரைந்தார் என்று விளக்கம் சொன்னார். சேகர் கிழிந்த பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். "அப்ப அவரு எங்க வூட்டுப் பக்கம் வரவே இல்லியா? வந்திருந்தா இன்னும் நல்லா போட்டிருப்பாரே."

வெறும் நெற்றி

டிரஸ்ட் தலைவர் ஒரு நாள் நேரில் வருகிறார் என்று தெரிந்தது. வருகிற காரணத்தை வாட்ச்மேன் சொன்னார்: சின்னப் பிள்ளைகளை நிறுத்திவிடலாம் என்று மேனேஜர் எழுதிப் போட்டிருக்கிறாராம். அன்றைக்குத்தான் எங்கள் முறையும். வழியெல்லாம் பிள்ளைகளிடம் தொடாதே, ஓடாதே, பேசாதே என்று ஓதிக்கொண்டே போனேன்.

தொடாதே என்று சொன்னேனே தவிர, வைக்காதே என்று சொல்லவில்லை. தலைவர் உள்ளே நுழைகிறார், வெண்கல அம்மன் நெற்றியில் பளிச்சென்று குங்குமம். என் உயிரே போய்விட்டது. மேனேஜர், "பாருங்க சார், இதுக்குத்தான் சொல்றேன்" என்று திரும்பினால், தலைவர் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவு வந்து தொண்டையைச் செருமினார்.

"யாரும்மா வெச்சது?" என்றார். அஞ்சலை முன்னால் வந்தாள். பாவாடை நுனியில் முடிந்த குங்குமப் பொட்டலம் அப்படியே இருந்தது. "நான்தான். சாமி வெறும் நெத்தியா இருந்துச்சி. பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சி."  தலைவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "புள்ளைங்க வரட்டும் மேனேஜர், நிறுத்த வேணாம். சிலைய மட்டும் இனிமே யாரும் தொடக்கூடாது, ஒரு கயிறு கட்டிடுங்க" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் அஞ்சலை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பொட்டலத்தை அவர் கையில் வைத்துச் சொன்னாள்: "அப்ப நாளையிலேருந்து நீங்களே வெச்சிடுங்க சார், எனக்கு ஸ்கூல் இருக்குது."

அதற்கப்புறம் எத்தனையோ வகுப்புகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன், கிளம்பும் முன் மற்ற டீச்சர்கள் எல்லாம் "ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பார்கள், நான் அதோடு சேர்த்து "குங்குமப் பொட்டலம் முடிஞ்சு வெச்சிருக்கீங்களா?" என்றும் கேட்பேன்.