சந்து முக்கும் ஒன்பது அடிப் படகும்

இந்த முதலாண்டு நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்கள் பலருக்கு என் முகம் மறந்திருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றியவன் நான். அண்ணனைப் பற்றி எழுத எனக்கு அதிகம் தெரியாது. அவர் படகு வாங்கியபோது கூட இருந்தேன். அதை எழுதுகிறேன்.

அண்ணன் சங்ககிரிக்குப் பக்கத்தில் பிறந்தார். குமாரபாளையத்துக்குக் குடிவந்த பின் சிறு வயதிலேயே விசைத்தறிக்குப் போனார். அப்பா இறந்ததும் குடும்பம் அவர் தலையில் விழுந்தது. நான் ஓடிப்போனதற்கு ஒரு நாளும் கடிந்ததில்லை. பஞ்சுத் தூசி நெஞ்சைக் கெடுத்து, தறிப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, பரிசல் வாங்கிக் காவிரியில் மீன் பிடித்தார். வட்டப் பரிசல் எங்கள் சந்தில் நுழையாது. கரையில் கவிழ்த்து வைத்திருந்தார். மேட்டூரில் தண்ணீர் திறந்த ஓர் ஆடியில் ஆறு அதைக் கொண்டுபோனது.

அடுத்தது வீட்டுக்குள் வைக்கிற படகாக இருக்க வேண்டும் என்றார். ஃபைபர் படகு செய்பவரிடம் இரண்டு அளவு இருந்தது. பன்னிரண்டு அடிப் படகு தண்ணீரில் நிதானமாக நிற்கும். ஒன்பது அடிப் படகு, வலையை ஒரு பக்கமாக இழுத்தாலே ஆடும். அண்ணனுக்கு நீச்சல் தெரியும், மூச்சுதான் போதாது. பெரியதையே வாங்கச் சொன்னேன்.

அவர் மூங்கிலில் பெரிய படகின் நீள அகலத்துக்கு ஒரு சட்டம் கட்டினார். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துச் சந்துக்குள் நடந்தோம். முக்கு வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, ஆளு நல்லாத்தான இருக்கறீங்க, அதுக்குள்ள எதுக்குங்க பாடை?" என்றார்.

"அளவு பாக்கறனுங்க. இது திரும்புனா நானும் திரும்பிருவேன்" என்றார் அண்ணன்.

திரும்பவில்லை. முக்கு வீட்டுப் படியின் கைப்பிடிச் சுவர் சந்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இடிக்க முடியுமா என்று நான்தான் கேட்டேன். முக்கு வீட்டுக்காரரின் மனைவிக்கு முழங்கால் மடங்காது.

"அதைப் புடிச்சுத்தானுங்க அவ எறங்கறா" என்றார்.

மறுபடி கேட்க அண்ணன் விடவில்லை. ஒன்பது அடிப் படகை வாங்கினோம். முக்கில் அதையும் சாய்த்துத்தான் திருப்ப முடிந்தது. அண்ணி கட்டிலை எடுத்துவிட்டுப் பாய்க்கு மாறினார். துணிகளை மடித்துப் படகுக்குள்ளேயே வைத்தார்.

அதன் பிறகு, எந்த ஊரில் இருந்தாலும், மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று காதில் விழுந்தால் கை தானாகப் போனை எடுக்கும். மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது, படகு ஆடுவதுதான் கண்ணில் நிற்கும். அண்ணி எடுப்பார். "அவுரும் ஊட்டுலதான் இருக்கறாரு, படகும் ஊட்டுலதான் இருக்குது சாமி" என்பார். அடுத்த செய்தி வரை அது போதும்.

ஆற்றுக்கே பயந்துகொண்டிருந்தேன். அண்ணன் படகுக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தவர், காலையில் எழவில்லை.

பாடை முக்குக்கு வந்தபோதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்கினால் திரும்பாது. முக்கு வீட்டுக்காரர் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"அண்ணனச் சாய்ச்சுக் கொண்டுபோக வேண்டாமுங்க" என்றார்.

சுவர் விழும்வரை அண்ணனைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றோம். முக்கு வீட்டுக்காரரின் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் படகு தூக்க வந்த தறிக்காரர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத சந்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முக்கு வீட்டு அண்ணனுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஓராண்டாக உங்கள் வீட்டம்மா உங்கள் கையைப் பிடித்து இறங்குவதைப் பார்க்கிறேன். எங்களுக்கு இனி அந்த வழி வேண்டியதில்லை. சுவரைத் திரும்பக் கட்டுங்கள். அதற்காகவே இந்த முறை லாரி ஏறாமல் இருக்கிறேன். செங்கல் நான் தூக்குகிறேன்.