பெயர் வைக்காத பட்டன்கள்

உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். யாருக்காகவும் ஒரு வரியைக்கூட மென்மையாக்க மாட்டேன்.

ஜெசிந்தா அக்கா இன்று விடியற்காலையில் ஊட்டி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நிமோனியா என்றார்கள்.

இந்தப் பதிவை என் அம்மாவின் கணக்கிலிருந்து எழுதுகிறேன். நான் பிளஸ் ஒன் படிக்கிறேன்.

காந்தல் படிப்பகத்துக்கு வருகிறவர்களுக்கு அக்காவைத் தெரியும். வாசல் மேஜையில் இருப்பார். நாம் புத்தகத்தின் எண்ணைச் சொல்வோம், அக்கா கம்ப்யூட்டரில் தட்டிப் பதிவார், முடிந்தது.

அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருந்தார். அவர் வைத்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது.

"எப்படிக்கா இது புரியுது?"

"நீ மெதுவாப் படிக்கிறவ அம்மிணி. அதான்."

அந்தப் பதிவு வேலைக்கான வெப்சைட்டை ஒரு கம்பெனி இலவசமாகத் தந்தது. எந்த பிரவுசரிலும் திறக்கும். ஸ்கிரீன் ரீடரும் தடங்கலில்லாமல் படிக்கும். 'எல்லோருக்குமான திறந்த இணையம்' என்று சுவரில் போஸ்டர்கூட ஒட்டினார்கள்.

மலையில் உள்ள மற்றப் படிப்பகங்களும் அதில் சேர்ந்து முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் வெப்சைட்டை மூடிவிட்டார்கள். இனி அவர்களுடைய ஆப் மட்டும்தான். எங்கள் புத்தகப் பட்டியல் முழுவதும் அதற்குள்.

அந்த ஆப்பில் ஒரு பட்டனுக்கும் பெயர் எழுதி வைக்கவில்லை. வெறும் படங்கள். அக்கா விரல் வைத்தால் ஸ்கிரீன் ரீடர் சொல்வது... பட்டன். பட்டன். பட்டன்.

எது பதிவது, எது அழிப்பது?

கம்பெனிக்காரர் ஒருவர் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏனுங்க, பட்டனுக்குப் பேர் வைக்கோணும்னு விதி இருக்குதுங்களே. அதை எழுதுற குழுவுல உங்க கம்பெனியும் இருக்குதுங்க," என்றார் அக்கா.

"அது பொதுவான ஸ்டாண்டர்டுங்க மேடம். அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாங்க."

"அதுவரைக்கும் பழைய வெப்சைட்டையாவது திறந்து விடுங்க."

"முடியாதுங்க. எல்லாரும் ஆப்புக்குள்ள வந்தரோணுங்கறதுதான் மேலிடத்து முடிவு."

"என்னை வெளிய நிறுத்திப்போட்டு எல்லாரும்ங்கறீங்க. கணக்குல வீக்குங்களா?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பிறகு பதிவு வேலை வேறொருவருக்குப் போனது. "போன் வந்தா எடுங்க, போதும்" என்று அக்காவிடம் சொன்னது படிப்பகக் கமிட்டி. படிப்பகத்துக்குப் போன் வந்து நான் பார்த்ததே இல்லை.

ஆனாலும் அருவங்காட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தார். வாராவாரம் அதே கோரிக்கையைக் கம்பெனிக்கு அனுப்பினார்.

"நான் நிறுத்திட்டா, பிரச்சினை தீர்ந்துருச்சுன்னு எழுதிக்குவாங்க அம்மிணி."

இனி எழுதிக்கொள்ளலாம்.

இன்று மதியம் அந்தக் கம்பெனி தன் இணையப் பக்கத்தில் அக்காவுக்கு அஞ்சலி போட்டிருக்கிறது. பூ, மெழுகுவர்த்தி, 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்'... எல்லாம் ஒரே படமாக. எழுத்தும் படத்துக்குள்தான்.

அக்காவின் ஸ்கிரீன் ரீடரில் அதை வைத்துப் பார்த்தேன். 'படம்' என்றது. அவ்வளவுதான்.

அக்காவின் தோழிகள் பலருக்கும் பார்வை இல்லை. படத்தில் இருப்பதை எழுத்தாகவும் போடுங்கள் என்று கீழே கமெண்டில் கேட்டேன்.

பதிலுக்கு ஒரு ஹார்ட் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பதிவில் அக்காவின் போட்டோ ஏன் இல்லை என்று யாரும் கேட்காதீர்கள். வெறும் எழுத்துதான். அவருடைய தோழிகளுக்கு முழுவதும் கேட்கும்.

அக்காவின் மேஜையில் உட்கார்ந்துதான் தட்டுகிறேன். ஸ்கிரீன் ரீடர் அதே வேகத்தில் படித்துக்கொண்டே வருகிறது. இப்போது கொஞ்சம் புரிகிறது.

மூடும் நேரம். வாட்ச்மேன் மணி அண்ணன் தினமும் அக்காவிடம் கேட்பார், "லைட்டை ஆஃப் பண்ணட்டுங்களா?"

"எனக்காக எதுக்குங்க கரண்டை வீணாக்கறீங்க," என்பார் அக்கா. தினமும் அதே பதில், தினமும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

போய் வாங்க அக்கா.

மணி அண்ணன் இன்று எதுவும் கேட்கவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்.