தரையில் படுங்க சார்!

போன வருடம் ஆடிப்பூரத் தேரன்று நடந்தது. என் மனைவி காலையிலேயே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். ராஜபாளையம் வீட்டில் நான் மட்டும். குளிக்கப் போனவன், ஆளில்லாத வீட்டில் யாருக்குக் கூச்சப்பட்டேனோ, தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டேன். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எழ முடியவில்லை. தாழ்ப்பாள் எட்டவில்லை. திறந்த குழாய் முதுகுக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஹாலில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கத்தினேன், அம்மன் கோயில் மைக் செட் என்னைவிடச் சத்தமாகக் கத்தியது. இப்படியே போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். மனைவி திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

மதுரையில் ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று மூன்றாம் மாதம் டாக்டர் எழுதியே கொடுத்தார். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவன் நான். எழுத்தில் வந்த உத்தரவை மீறியதில்லை. என் கால் மீறியது. கட்டிலை விட்டு இறங்கினாலே உடம்பு நடுங்கும், கண் இருட்டும்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் ஏற்பாடானார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும், முப்பது வயதுக்கு மேல் இருக்கும் பெண். தினமும் செய்ய வேண்டியதை ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார். நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து டிக் போட்டேன். ஆபீஸில் எத்தனை பதிவேட்டை இப்படிப் பூர்த்தி செய்திருப்போம்!

அவர் தாளைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். "தாள் நல்லா நடக்குது சார். நீங்க எப்ப நடப்பீங்க?"

பிறகு காலைத் தொடவே இல்லை. எப்படித் தூங்குகிறேன், என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன் என்று விசாரித்தார். போதுமான அளவு என்றேன். சமையலறையிலிருந்து மனைவி வந்துவிட்டாள்.

"எங்க குடிக்காவம்மா! ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்லா? ஊரையே ஆபீஸ் வாசல்ல நிக்க வச்சவிய, இப்ப செத்த நேரம் நிக்கப் பயப்படுதாவ."

கண் இருட்டியதற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அந்தப் பெண் விடவில்லை. "எதுக்குப் பயம் சார்? வலிக்கும்னா?"

அந்த மூன்று மணி நேரத்தை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "விழறதுக்குக்கூட இல்லம்மா. விழுந்து கிடக்கிறதுக்கு."

அடுத்த முறை, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். ஹாலில் ஜமுக்காளம் விரித்து, "தரையில் படுங்க சார்" என்றார். எழுந்திருக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம்! ஒரு வாரம் பழக்கினார். எட்டாம் நாள், குளியலறைத் தரையைத் துடைத்து, ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு, அங்கே படுக்கச் சொன்னார். ஹாலே போதும் என்று விண்ணப்பித்துப் பார்த்தேன். நிராகரிக்கப்பட்டது.

படுத்தேன். அதே கூரை, அதே குழாய். நெஞ்சு அடித்த அடி காதுக்குள் கேட்டது. அவர் வாசலில் நின்றார், தொடவில்லை.

"அவசரமில்ல சார். நல்ல கால் பக்கம் புரளுங்க. முழங்கையை ஊனுங்க. பக்கெட்டை நம்பாதீங்க, ஸ்டூலைப் பிடிங்க. மண்டி போட்டு எந்திரிங்க."

இரண்டு தடவை பாதியில் சரிந்தேன். மூன்றாவது தடவை நின்றேன். வெளியே என் மனைவி முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

இன்று பஸ் ஸ்டாண்ட் வரை தடியில்லாமல் போய் வருகிறேன். ஈரத்தரையைக் கண்டால் மட்டும் இப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கால் வைக்கிறேன். என் எக்ஸ்ரேயை எத்தனையோ பேர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். எதற்குப் பயம் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான், அதற்கு வாய்விட்டுப் பதில் சொன்ன நிமிடத்திலேயே நான் எழ ஆரம்பித்துவிட்டேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.