கொட்டச்சேட்டு ஓடையில் அந்தோணி

கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்குக் கீழே ஓடைப் பாறையில் நானும் நண்பன் அந்தோணியும் தூண்டில் போட்டிருக்கிறோம். அவன் நாகப்பட்டினத்து மீனவன். மலைக்கு இப்போதுதான் முதல்முறை வருகிறான். இங்கே வெயில் அடிக்கிறது. மலைமேல் எங்கோ பெய்த மழை திடீரென ஓடையில் செம்மண் வெள்ளமாக இறங்குகிறது. நான் தாவிக் கரையேறிவிடுகிறேன். அந்தோணி பாறையிலேயே சிக்கிக்கொள்கிறான்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் ஓடிவந்து, மாட்டுக் கயிற்றை அவிழ்த்து அவனிடம் வீசுகிறார். "இடுப்புல சுத்திக்குங்க." இருவருமாக இழுக்கிறோம். வெள்ளம் அவனை இரண்டு முறை கவிழ்த்துவிடுகிறது.

கரையில் அந்தோணி நடுங்குகிறான். "கடல்லயே வளந்தவன் நான். இந்த ஓடையில பயந்துட்டேன்."

விவசாயி தன் துண்டால் அவன் தலையைத் துவட்டுகிறார். "இந்தத் தண்ணி எங்களுக்கே புடிபடாதுங்க. போன மழைக்கு எந்தம்பி இங்கதான் போயிட்டானுங்க."

அந்தோணி அவர் கையைப் பற்றிக்கொள்கிறான். மேலே ரோட்டில் நாங்கள் திரும்பவேண்டிய பஸ் ஹாரன் அடிக்கிறது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.